என் தங்கைக்குக் கிடைத்த இன்னொரு அக்கா

என் தங்கை யாரையும் லேசில் அக்கா என்று கூப்பிட மாட்டாள். எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருந்த பெரிய பெண்களையெல்லாம் சின்ன வயதிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். பெங்களூரில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் மூத்தவர்கள் எல்லோரும் மேடம். தினமும் நாங்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் கூட வருகிற பெண்கள் எல்லோரும் ‘ஏங்க’. அக்கா என்றால் உலகத்தில் நான் ஒருத்திதான். அதனால் ஒரு திங்கட்கிழமை காலை, ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவள் போனை எடுத்து, “சொல்லுங்கக்கா” என்றபோது எனக்குச் சுருக்கென்று ஆனது. நான் இங்கேதான் இருக்கிறேன், இவள் யாரை அக்கா என்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

புதுச்சேரியில் ஒரு பெண்மணி. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்வரக் கற்றுக்கொடுப்பவர். ஸ்கூபா டைவிங் என்பார்களே, அது. தங்கையின் கம்பெனியில் எல்லோரையும் புதுச்சேரிக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை முங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். என் தங்கை அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் இருக்கிற ஆள், வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெங்களூரிலிருந்து அப்படியே பஸ் ஏற ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அப்பாவுக்குக் கொடுத்த லைன் வீடு. அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மைன் மூடிய கொஞ்ச காலத்தில் நெஞ்சு நோயில் போய்விட்டார், அவர் பின்னாலேயே அம்மாவும். தங்கை அப்போது பள்ளிக்கூடப் பெண். எனக்கும் அவளுக்கும் பத்து வயதுக்கு மேல் வித்தியாசம். அவளுக்குத் தலை பின்னியது, காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருந்தது, காலேஜில் சேர்க்க வரிசையில் நின்றது எல்லாம் நான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்காட்டத்தான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ரயிலில் ஏறினால் அவள் கம்பெனிக் கதையைச் சொல்வாள், நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் நடக்கிற கூத்துகளைச் சொல்வேன். இப்போது அவளுக்குக் கடலைத் தவிர வேறு பேச்சு இல்லை. கடலைப் பற்றி மட்டும் பேசினால்கூடப் பொறுத்திருப்பேன். அக்கா இப்படிச் சொன்னாங்க, அக்கா அப்படிச் செஞ்சாங்க, அக்காவுக்கு மூச்சே சத்தமில்லாமல் வரும், அக்கா ஒரு சிலிண்டர் காற்றை மற்றவர்களைவிட ரொம்ப நேரம் வைத்துக்கொள்வாங்க. மூச்சு விடுவதில்கூட ஒருத்தி கெட்டிக்காரியாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அந்தப் பெண்மணிக்கு மனதுக்குள் கடல்காரி என்று பெயர் வைத்தேன்.

அந்தக் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. பெரிய கப்பல் ஒன்றும் இல்லை, பழைய சரக்குப் படகுதான். எப்போது மூழ்கியது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். மீன் பிடிக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும், அதைச் சுற்றித்தான் மீன் நிற்கும் என்பார்கள். என் தங்கை அந்தக் கப்பலை முதல்முதலில் பார்த்துவிட்டு வந்த அன்று நடுவில் பங்காருபேட்டை ஸ்டேஷன் வந்து போனதுகூடத் தெரியாமல் பேசினாள்.

“அந்தக் கப்பலு மேல ஒரு எடம்கூட சும்மா இல்லக்கா. எங்க பாத்தாலும் ஏதாவது ஒண்ணு குடித்தனம் பண்ணிக்கினு கீது.”

“ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு வராத மீனு இன்னா கீது அங்க?” என்றேன்.

“செத்த மீனப் பாத்துட்டு பாத்தேன்னு சொல்லாதக்கா.”

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூஞ்சியைத் திருப்புவது எனக்குக் கைவந்த கலை.

அந்த நாட்களில் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. பொய் இல்லை, உண்மையிலேயே சுற்றியது. ஆனால் அவள் பக்கத்தில் இருக்கிற நாட்களில் சுற்றாமல், புதுச்சேரியில் இருக்கிற நாட்களில் மட்டும் ஏன் சுற்றுகிறது என்று எங்கள் டாக்டரம்மாவுக்கும் விளங்கவில்லை. இரண்டு தடவை அவளுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவையும் பாதியில் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தாள். மிளகு ரசம் வைத்துக் கொடுத்து, நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. கடல்காரி அங்கே தனியாக முங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் பெரிய அடி விழுந்தது. ஒரு நாள் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருக்கும்போது என் எதிரே வந்து குந்தினாள். கடல்காரி அவளை வேலைக்குக் கூப்பிடுகிறாராம். முதலில் பயிற்சி, அப்புறம் மற்றவர்களைக் கடலுக்குள் கூட்டிப் போகிற வேலை. கம்பெனியை விட்டுவிட்டு அங்கேயே தங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்து ஒரு தடவை கப்பலில் இறங்கட்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாராம். சொல்லும்போது என் தங்கையின் முகம் எப்படி இருந்தது என்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்றுகூட அப்படி இல்லை.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் போகமாட்டாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை. அதற்குப் பதிலாக, “அந்தக் கப்பல நானும் பாக்கணும்” என்றேன்.

அவள் முறத்தைத் தட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். பருப்பு வீடு முழுக்க ஓடியது. நான் ஆசைப்பட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்படி என்னதான் அங்கே இருக்கிறது, அப்படி என்னதான் அந்தப் பெண்மணியிடம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கேட்டேன் என்று நான் விளக்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே விசேஷம். இருக்கிற தண்ணீரெல்லாம் மூடிப்போன மைனுக்குள் நிறைந்து கிடக்கிறது, அதில் யார் நீந்துவது? பெங்களூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த நீச்சல் குளத்தில், என் இடுப்பு உயரம்கூட வராத பிள்ளைகளோடு சேர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். மூக்கில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் கடல்காரியை நினைத்துக்கொள்வேன். உடனே வேகம் வந்துவிடும். பக்தியால் நீந்துகிறவர்கள் இருக்கலாம், நான் பொறாமையால் நீந்தினேன்.

அப்புறம் லீவு போட்டுப் புதுச்சேரிக்குப் போய் அவரிடமே பாடம் கற்றேன். என்ன கொடுமை என்றால், நல்லவராக இருந்தார். என் வயதுதான் இருக்கும். குட்டையாக முடி வெட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்து, மெதுவாகப் பேசுகிறவர். பயந்தவர்களிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார், அவர்கள் பயம் தெளிகிறவரை பக்கத்தில் சும்மா இருப்பார். எனக்கு மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து நான் கை காலை உதறியபோது என் தோளில் ஒரு கையை வைத்தார், அவ்வளவுதான், எனக்கு மூச்சு சீராகிவிட்டது. அதற்காகவும் எனக்கு அவர் மேல் ஆத்திரமாக இருந்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. கடலுக்கடியில் கூட வந்தவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால், இருக்கிற இடத்தில் ஒரு நிமிடம் சுற்றிப் பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் தேடிக்கொண்டு அலையக் கூடாது, மெதுவாக மேலே வந்துவிட வேண்டும். அவரும் அதேபோல மேலே வருவார். தண்ணீருக்கு மேலே சந்தித்துக்கொள்ளலாம். கேட்ட கேள்விக்கெல்லாம் இந்தப் பதிலை ஒப்பித்துக் காட்டி நான் பாஸ் செய்தேன்.

கப்பலுக்குப் போன நாளில் கடல் அமைதியாக இருந்தது. படகில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மாட்டியிருப்பதைச் சரிபார்க்க வேண்டும். நான் என் வாரை இழுத்துக்கொண்டிருந்தபோது, கடல்காரி என் தங்கையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி மாஸ்க்கின் பட்டைக்குள் செருகிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முடிக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்தவள் பக்கத்திலேயே, தண்ணீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயக் கட்டிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நான் நிற்பதுகூட உறைக்கவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் பச்சையாக இருந்தது, அப்புறம் மங்கலாகியது. முதலில் கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் இறங்க இறங்க அது நீண்டுகொண்டே போனது. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த கப்பல். நாலு மாடி ஆழம் இருக்கும். தங்கை சொன்னது நிஜம்தான், ஒரு இடம்கூடச் சும்மா இல்லை. இரும்பு தெரியாதபடி சிப்பியும் பாசியும் பவளமும் மூடியிருந்தன. ஜன்னல் ஓட்டைகளில் சங்கரா மீன் கூட்டம் கூட்டமாக உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு களவா மீன், என் இடுப்பளவு பருமன், படிக்கட்டுக்குக் கீழே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வீட்டுக்காரர் மாதிரி நின்றது. மேலே ஷீலா மீன்கள் அசையாமல் வரிசையாக நின்றன. மணலில் இருந்து ஒரு திருக்கை எழுந்து, புடவையை உதறுவதுபோல ஒரு தரம் உதறிவிட்டுப் போனது. ஒரு சின்ன கணவாய் என்னைப் பார்த்ததும் நிறம் மாறி, மறுபடி மாறி, பின்பக்கமாகவே நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் தடவிக் கழுவிய மீனெல்லாம் இங்கே உயிரோடு, என்னை ஒரு பொருட்டாகக்கூட மதிக்காமல், தன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழகாக இருந்தது. இதைப் பார்த்தவள் எப்படி எங்கள் லைனுக்குத் திரும்பி வருவாள் என்று நினைத்தேன்.

கடல்காரியும் தங்கையும் என் முன்னால் போனார்கள். தண்ணீருக்குள் பேச முடியாது, கையால்தான் பேச வேண்டும். எனக்குத் தெரிந்தது நாலைந்து சைகை. அவர்கள் இரண்டு பேரும் விரலாலேயே கதை பேசினார்கள். தட்டையாகக் கிடந்த ஒரு இரும்புத் தகட்டுக்கு அடியில் கடல்காரி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே விலாங்கு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்தன. தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அவள் வாயிலிருந்து குமிழ் குமிழாக மேலே போனது. கடல்காரி என்னைத் திரும்பிப் பார்த்து வரச் சொல்லிக் கை காட்டினார். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

நான் போகவில்லை. திரும்பிக்கொண்டேன். கடலுக்கடியில் கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

கப்பலின் பின்பக்கத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அங்கே நீரோட்டம் இருந்தது. நான் காலை உதைத்ததில் அடியில் இருந்த சேறு கிளம்பிவிட்டது. அதே நேரத்தில் சங்கராக் கூட்டம் எதற்கோ மிரண்டு, என் மேலும் கீழும் இரண்டு பக்கமும் பாய்ந்தது. மீன் போனதும் சேறு மட்டும் நின்றது. என் கையே எனக்குத் தெரியவில்லை. கயிறு எந்தப் பக்கம், வந்த வழி எந்தப் பக்கம் என்று ஒன்றும் புரியவில்லை.

ஒரு நிமிடம் பார், அப்புறம் மேலே வா. அந்தப் பாடம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. வேறொன்று வந்தது.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் சொல்லிக்கொடுக்கிற ஒரு விஷயம் உண்டு. தொலைந்துவிட்டால் நகராதே. இருந்த இடத்தில் குந்து. கையில் கிடைத்ததை எடுத்துப் பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தட்டு. மூன்று தட்டு, நிறுத்து, மறுபடி மூன்று. அண்டர்கிரவுண்டில் பாறை வெடித்து வழி அடைத்துக்கொண்டால் உள்ளே மாட்டியவர்கள் காற்றுக் குழாயைத் தட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர்களைத் தேடிப் போவார்கள். அங்கிருந்து அது வீடுகளுக்கு வந்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன எங்கள் ஊர்ப் பிள்ளை அழாது, விளக்குக் கம்பத்தைக் கல்லால் தட்டிக்கொண்டு நிற்கும். என் தங்கையை நானே ஒரு தடவை அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கப்பலின் கைப்பிடிக் கம்பி ஒன்று கைக்கு அகப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு குந்தினேன். மிதவை ஜாக்கெட்டில் தொங்கிய டார்ச்சை எடுத்துத் தட்டினேன். மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. சிலிண்டரில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் இரண்டு பேர் மூச்சை நான் ஒருத்தியே விட்டுக்கொண்டிருந்தேன். மேலே போயிருந்தால் இந்நேரம் வெயிலில் இருந்திருப்பேன். அது தோன்றவே இல்லை. தட்டினால் வருவார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம் ஆனதோ, கம்பி என் உள்ளங்கையில் அதிர்ந்தது. மூன்று தரம். நான் தட்டவில்லை.

தண்ணீருக்குள் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. என் தங்கை தலையை இரும்பில் வைத்துக் கேட்டு, கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். சேற்றுக்குள்ளிருந்து முதலில் அவள் கை வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்த பிடி ஒரு வாரத்துக்கு நீலமாகத் தெரிந்தது. அவள் மட்டும்தான் வந்தாள். பின்னால் யாரும் இல்லை. அந்த நேரத்திலும், அந்த நிலைமையிலும், அதை நான் கவனித்தேன். கவனித்து மகிழ்ந்தேன்.

மேலே வந்தபோது கடல்காரி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இருந்தார். அவர் விதிப்படி செய்திருந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நாங்களும் வருவோம் என்று மேலே வந்திருந்தார். நாங்கள் வரவில்லை. படகுக்காரரிடம் கரைக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கப் போகிற நேரத்தில் எங்கள் தலை தெரிந்திருக்கிறது. அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது. படகில் ஏறி உட்கார்ந்து சிலிண்டரைக் கழற்றினார். அப்புறம் என் தங்கையைப் பார்த்து, ஏன் மேலே வரவில்லை என்று கேட்டார்.

“அக்கா தட்டுச்சிக்கா” என்றாள்.

தட்டிய சத்தம் அவருக்கும் கேட்டதாம், ஏதோ படகு என்று நினைத்தாராம். கரைக்கு வந்ததும் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, பயிற்சிக்கு அவளை எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்.

எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைக்க, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்துவிட்டேன். நாளை மறுநாள் வழக்கம்போல எங்கள் மாரிகுப்பம் ரயிலில் ஏறுவோம், என் தங்கை என் பக்கத்தில் இருப்பாள். கடல்காரிக்கு வேறு தங்கை கிடைப்பாள்.

தங்கை பின்பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டு, நனைந்த சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவளுடையதை முடித்துவிட்டு என்னுடையதை எடுத்தாள். மாஸ்க், ஜாக்கெட், வாய்க்குழாய் ஒவ்வொன்றாக. நான் கோபித்துக்கொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள். அதை அவள் கடல்காரியிடம் சொல்லவில்லை. முழுத் தப்பும் தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு, நிம்மதியாக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். திட்டவில்லை. கையில் அடிபட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு ஜாக்கெட்டைப் பிழிந்தாள். அப்படிப் பிழியும்போது அவள் தோள் குலுங்கியது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நேராகக் கடல்காரியிடம் போனேன்.

“அவ மேல தப்பு இல்லீங்க. நான்தான் கோச்சிக்கினு அந்தாண்ட போனேன்.”

“தெரியும். நீங்க திரும்புனதப் பாத்தேன். ஒரு நொடி அசந்துட்டேன், அது என் தப்பு” என்றார். “ஆனா நான் அவள வேணாம்னு சொன்னது அதுக்கு இல்லீங்க. நாளைக்கு அவகிட்ட நாலு பேர ஒப்படைப்பேன். நீங்க தட்டுனா அந்த நாலு பேரையும் விட்டுட்டு உங்ககிட்ட வந்துடுவா. தலை சுத்துதுன்னு போன் வந்ததுக்கே ரெண்டு வாட்டி ஓடுனா.”

எனக்குக் காது சுட்டது. தலைசுற்றலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது.

“இனிமே கூப்புட மாட்டேன்” என்றேன்.

“அவளா கூப்பிட்டா பேசுங்க. நீங்களா கூப்பிடக் கூடாது. பயிற்சி முடியற வரைக்கும் வான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உங்களால முடியுமா?”

முடியாது. அதுதான் உண்மையான பதில். வெளியே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கை அலசி முடித்ததையே மறுபடி அலசிக்கொண்டிருந்தாள்.

“முடியும்” என்றேன். “ஆனா இத்த அவகிட்ட சொல்லாதீங்க. சொன்னா இங்க இருக்கமாட்டா.”

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. என் தங்கை ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தக் கட்டிப்பிடிப்பை வாங்கிக்கொடுத்தது நான். அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவள் புதுச்சேரிக்குப் போய் ஆறேழு மாதம் ஆகிறது. பயிற்சி இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்வாள். கப்பலில் புதிதாக வந்திருக்கிற மீனைப் பற்றிச் சொல்வாள், நான் உம் கொட்டுவேன். மற்ற நாட்களில் போனைக் கையில் எடுப்பேன், அவள் பெயர்வரை போவேன், கீழே வைத்துவிடுவேன். காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தேன், சொல்லவில்லை. இந்தத் தடவை வந்தது உண்மையான காய்ச்சல். புத்த பௌர்ணமி வந்தது. வருஷா வருஷம் இரண்டு பேரும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு விகாரைக்குப் போவோம், பாயசம் ஊற்றுகிற இடத்தில் அவள்தான் கரண்டி பிடிப்பாள். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் முதல் பஸ்ஸில் ஏறுவாள். சொல்லவில்லை. எதிர் லைனில் இருக்கிற, வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் எங்கேயோ போட்டிருக்கிறாள்.

மறுநாள் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. என் தங்கையின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

“ஏங்கா, நான் போனதுலேர்ந்து நீயா எனக்கு ஒருவாட்டியாவது போன் பண்ணியா?”

வேலை என்றேன்.

“பௌர்ணமிக்குக்கூட வான்னு கூப்புடல. அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு உன் தோள் மேல கை போட்டுக்கினு நிக்கிது? தெனம் அது கூடத்தான் ரயில்ல போறியா?”

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். மிரட்டுகிற மாதிரி ஆரம்பித்து, கடைசியில் உடைந்துபோகிற குரல். இவ்வளவு நாளாக நான் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தது அந்தக் குரலில்தான். அதை அவள் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்த நாளிலும் வந்ததில்லை.

“அப்ப நான் இல்லாமயே உனக்கு நல்லாத்தான் கீது” என்றாள்.

இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், அவள் அப்படியே எல்லாவற்றையும் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள்.

“நல்லாத்தான் கீறேன்டி” என்றேன். “அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு.”

அவள் போனை வைத்துவிட்டாள்.